ஜாம் போத்தலில் ஒரு தாலிக்கொடி

நேசமலரிடம் கொடுத்த பொருளை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. திருப்பிக் கேட்கத்தக்க பொருளை யாரும் அவரிடம் கொடுப்பதில்லை என்பதுதான் காரணம். செத்துப்போன ட்யூப் லைட், எரிந்து கறுத்த சுருள் பல்ப், காய்ச்சல் பார்க்கிற பழைய கண்ணாடித் தெர்மோமீட்டர், கனடாவுக்குப் போகிறவர்கள் கடைசி நாளில் அலமாரியிலிருந்து இறக்கிவைத்து ‘இதை என்ன செய்யிறது’ என்று முழிக்கிற, இரத்த அழுத்தம் பார்க்கிற பிரஷர் பெட்டி என்று, உள்ளே பாதரசம் இருக்கிற எதுவானாலும் வெள்ளவத்தை ‘ஓஷன் கிரேஸ்’ மாடிக் குடியிருப்பில் அது போய்ச் சேருமிடம் நாலாம் மாடியில் நேசமலரின் வீடு.

ஒரே ஒரு முறை ஒரு குடும்பம் முழுவதும் அவருடைய வாசலில் திரண்டு நின்று, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது. கேட்டது பதினொரு பவுண் தாலிக்கொடி. நேசமலர் கொடுக்க மறுத்தார்.

மறுப்பு அவருக்குப் புதிதல்ல. கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அந்தப் பகுதியிலேயே ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அந்த நாளில் பல் ஓட்டையை அடைக்கும் வெள்ளிக் கலவையைக் கையால்தான் குழைப்பார்கள். பாதரசத்தையும் வெள்ளித் தூளையும் சின்ன உரலில் அரைத்து, மிஞ்சுகிற ரசத்தைத் துணியில் வைத்து விரலால் பிழிந்து எடுப்பது நேசமலரின் பொறுப்பு. பிழிந்த ரசம் உருண்டு எங்கே போகிறது என்று வைத்தியரும் கேட்கவில்லை, நோயாளியும் கேட்கவில்லை. பலகைத் தரையின் இடுக்குகளுக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

கடைசிக் காலத்தில் அந்த வைத்தியருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பல் பிடுங்குகிறவருக்குக் கை நடுங்கினால் ஊர் பொறுக்குமா? நோயாளிகள் காத்திருக்கிற வாங்கில்கள் வெறுமையாயின, கதவும் பூட்டப்பட்டது. நடுக்கம் ரசத்தால் வந்ததா, வயதால் வந்ததா என்று எந்த டொக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. நேசமலருக்கு அந்த அறுதி தேவைப்படவுமில்லை. “பிழிஞ்சது நான், நடுங்கினது அவர். அப்ப யோசிச்சுப் பாருங்கோ, எவ்வளவு பொல்லாத சாமான் எண்டு” என்பார். இந்தத் தர்க்கம் அவர் பக்கத்துக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது என்று எடுத்துச் சொன்னவர்களுக்குத் தேத்தண்ணீர் கிடைத்தது, இரண்டாவது முறை அழைப்புக் கிடைக்கவில்லை.

கணவர் இறந்து பல வருடங்கள். பொட்டை அவர் எடுக்கவில்லை. செத்த வீட்டிலேயே ஒரு மாமி ஈரத் துணியோடு நெற்றியை நோக்கி வந்தபோது, “அது நான் பிறந்த நாள் தொட்டு வைச்சது, அந்தாள் கொண்டு வந்ததில்ல” என்று கையைத் தட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு குடியிருப்பின் நல்ல காரியங்களுக்கு அவரைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கூப்பிடாத வீட்டுப் பலகாரம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வெள்ளவத்தையில் மரியாதை அப்படித்தான் பங்கிடப்படும்.

ரசம் சேர்க்கும் வேலையை அவர் யாரிடமும் அனுமதி கேட்டுத் தொடங்கவில்லை. குப்பை லொறிக்காரர் ட்யூப் லைட்டை எடுக்கமாட்டார்கள். எடுக்காததை மக்கள் உடைத்துப் பையில் கட்டிக் கொடுப்பார்கள், அப்போது எடுப்பார்கள். உடைத்தால் உள்ளே இருக்கிற ரசம் காற்றோடு போய்விடும், அதாவது உடைக்கிறவரின் மூக்கோடு போய்விடும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த நேசமலர் ஒருநாள் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று, “உடைக்காமத் தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்” என்றார். தந்தார்கள். மூடியில் இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று வாங்கினார். ட்யூப்களைப் பழைய மட்டை உறைகளில் செருகி, விருந்தினர் குளியலறையில் நிறுத்திவைத்தார். விருந்தினர் வருவதில்லை ஆகையால் யாருக்கும் இடைஞ்சலில்லை. பீப்பாய் நிறைந்ததும் ஹொரணைப் பக்கம் இருக்கிற பல்ப் மறுசுழற்சித் தொழிற்சாலைக்கு வாடகை வானில் கொண்டுபோவார். அங்கே கண்ணாடியை ஒரு பக்கமும் உலோகத்தை ஒரு பக்கமும் பிரித்து, ரசத்தை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து மூடிவைக்கிறார்கள்.

எல்லாம் அறிந்தவர் என்று சொல்ல முடியாது. எல்.ஈ.டி பல்பிலும் ரசம் இருக்கிறது என்பது அவருடைய அசையாத நம்பிக்கை. சிவப்புத் திரவம் ஏறுகிற தெர்மோமீட்டரைக்கூட விடமாட்டார். தொழிற்சாலையிலிருந்து ஒவ்வொரு முறையும் பாதிப் பெட்டி திரும்பி வரும். அவர் அதை அடுத்த முறை மறுபடி கொண்டுபோவார்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் சிவானந்தன் மூன்றாம் மாடியில், நேசமலருக்கு நேர் கீழே இருக்கிறார். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய எதிர்ப்பு மூடத்தனமானதல்ல.

“மிஸிஸ் நேசமலர், ஒரு வீட்டில ஒரு துளி இருந்தாப் பரவாயில்ல. நீங்கள் எல்லா வீட்டு ரசத்தையும் ஒரு வீட்டில சேக்கிறியள். அதுவும் என்ர தலைக்கு மேல.”

“தலைவர் ஐயா, அணை கட்டினது நீங்கள்தானே? தண்ணியை ஒரு இடத்தில சேக்கிறது ஆபத்தோ, ஊரெல்லாம் ஓட விடுறது ஆபத்தோ?”

“அணைக்குப் பொறியியலாளர் இருக்கிறார்.”

“இதுக்கு நான் இருக்கிறன்.”

சிவானந்தனிடம் ஒரு பிரஷர் பெட்டி இருந்தது. அவருடைய தகப்பன் தீவுப்பகுதி அரசாங்க வைத்தியசாலையில் மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியாக இருந்த காலத்துச் சாமான். மரப் பெட்டி, பித்தளைப் பூட்டு, நிமிர்த்தி வைத்தால் கண்ணாடிக் குழாயில் ரசம் மினுங்கி ஏறும். நேசமலர் இரண்டு முறை கேட்டார். “அது பரம்பரைச் சொத்து” என்று சிவானந்தன் இரண்டு முறையும் மறுத்தார். அந்தப் பரம்பரைச் சொத்து அலமாரிக்கு மேலே, பழைய சூட்கேஸ்களுக்கு நடுவில், ஒரு துவாயால் போர்த்தப்பட்டுக் கிடந்தது.

இதற்குள் சிவானந்தன் வீட்டில் வளைகாப்பு நிச்சயமாயிற்று. மருமகள் நிஷாந்தினிக்கு ஏழாம் மாதம். எங்கள் தாய்மாருக்கு இப்படி ஒரு சடங்கு நடந்ததாகச் சரித்திரம் இல்லை. தொலைக்காட்சி நாடகங்கள் வழியாகக் கடல் கடந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய வழக்கம் அது. வந்த வேகத்தில் பரம்பரை வழக்கமாகவும் ஆகிவிட்டது. சிவானந்தனின் மனைவி பவளராணி வங்கி லொக்கரில் கிடந்த மருமகளின் தாலிக்கொடியை எடுப்பித்தார். சங்கிலி பறிக்கிறவர்களுக்குப் பயந்து கொடிகள் எல்லாம் லொக்கரில்தான் வாழ்கின்றன. தாலியைக் கழற்றவே கூடாது என்பதும், கழற்றி லொக்கரில் வைக்க வேண்டும் என்பதும் ஒரே வாயிலிருந்து வருகிற இரண்டு விதிகள்.

“இப்பவே போட்டுப் பழகு. அண்டைக்குப் புதுசாப் போட்டாக் கழுத்து நோகும்” என்று மருமகளின் கழுத்தில் போட்டும் விட்டார்.

போட்ட மறுநாள் காலையில் வீடு ஒதுக்கும்போது சூட்கேஸை இழுத்தார்கள். அப்போதிக்கரியின் பெட்டி விழுந்தது. குழாய் உடைந்து ரசம் தரையெங்கும் மணிமணியாகச் சிதறியது. பிள்ளைத்தாய்ச்சி என்றும் பாராமல் நிஷாந்தினி குனிந்து இரண்டு கையாலும் அள்ளப் பார்த்தாள். கொடி கழுத்திலிருந்து தொங்கி, தரையில் உருண்ட ரசத்தில் புரண்டது. நிமிர்ந்து கண்ணாடி பார்த்தபோது தாலியும் கொடியின் கீழ்ப்பாதியும் அலுமினியம் போல வெளுத்திருந்தன.

தங்கமும் ரசமும் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது வேதியியல். தாலி வெளுத்தால் புருசனுக்குக் கூடாது என்பது பவளராணி. அவர் ஒரு முறை அலறிவிட்டு, நகை செய்கிற றமேஷ் பாஸுக்குத் தொலைபேசி எடுத்தார். “சின்ன விசயம் அம்மா, ஊதுகுழலால ஒரு சூடு காட்டினா ரசம் ஆவியாப் போயிடும், கொடி பழையபடி மஞ்சளா வந்திடும். பின்னேரம் சாமானோட வீட்டையே வாறன்” என்றார் றமேஷ். கொடி வீட்டை விட்டுப் போகாது, அயலுக்கும் தெரியாது. பவளராணிக்கு உயிர் வந்தது. அவர் தும்புத்தடியை எடுத்து மிச்ச ரசத்தைக் கூட்டத் தொடங்கியபோது நிஷாந்தினி சத்தமில்லாமல் வெளியே வந்து, படியேறி, நாலாம் மாடிக் கதவைத் தட்டினாள்.

“அன்ரி, இது வெள்ளையாப் போட்டுது.”

நேசமலர் கொடியைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பார்த்தார்.

“எது உடைஞ்சது?”

“மாமான்ர அப்பாவின்ர பிரஷர் பெட்டி.”

“பரம்பரைச் சொத்து” என்றார் நேசமலர். “சரி, கழட்டு.”

“எதை?”

“கொடியைத்தான். பிறகு உடுப்பை. என்ர கவுண் ஒண்டு தாறன்.”

“தாலியை எப்பிடி அன்ரி...”

“வங்கிக்காரன் கேட்டாக் கழட்டுவியள். நான் கேட்டா மட்டும் எப்பிடியோ?”

நிஷாந்தினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பின்னேரம் ஒராள் வந்து சூடாக்கித் தருவாராம். எங்கட குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில. ரசம் ஆவியாப் போயிடுமாம்.”

“போகும். எங்க போகும்? ரசம் கொட்டினதிலும் பாக்க அதைச் சூடாக்கிறது மோசம், பிள்ளை. அந்த ஆவிக்கு மணமும் இல்ல, நிறமும் இல்ல. நீ மூச்சு விடுவாய், உள்ள இருக்கிறதுக்கும் சேத்து விடுவாய்.”

அந்தச் சொல்லோடு நிஷாந்தினி கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். நேசமலர் கையுறை போட்டு வாங்கி, கழுவிக் காயவைத்திருந்த ஜாம் போத்தலுக்குள் விட்டு, மூடியை இறுக்கி, செலோடேப்பால் சுற்றினார். கையை முதலில் குழாயில் கழுவவிடவில்லை. ஈரக் கடதாசியால் துடைப்பித்து, அதையும் பையில் கட்டி, பிறகுதான் சவர்க்காரம் கொடுத்தார். பல்கனிப் பக்கம் காற்றுப் படுகிற கதிரையில் இருத்தி ஒரு தம்பிலி வெட்டிக் கொடுத்தார். செவ்விளநீர் ரசத்தை வெளியேற்றும் என்று எந்த மருத்துவமும் சொல்வதில்லை. நிஷாந்தினிக்கு அது நன்றாக இருந்தது. “நாளைக்கே டொக்டரிட்டப் போய் நடந்ததை மறைக்காமச் சொல்லு” என்றும் சொன்னார், அது சரியான மருத்துவம்.

பிறகு கீழே போனார். பவளராணி தும்புத்தடியோடு நின்றார். ஒரு மணி உருண்டை நூறாகியிருந்தது.

“பவளம், தடியைக் கீழ வையும். ஃபானை நிப்பாட்டும். ஜன்னல் எல்லாத்தையும் திறவும், இந்தக் கதவை மட்டும் சாத்தும்.”

“என்ர வீட்டில எனக்குக் கூட்டத் தெரியாதோ?”

“கூட்டத் தெரியும். அதுதான் பிழை.”

ஒரு தடித்த கல்யாணக் கார்டைக் கிழித்து இரண்டு துண்டாக்கி, அதனால் மணிகளை மெல்லத் தள்ளி ஒன்று சேர்த்தார். கண்ணுக்கு மருந்து விடுகிற குழாயால் உறிஞ்சி ஒரு போத்தலில் விட்டார். டோர்ச் லைட்டைத் தரையோடு தரையாகப் பிடித்தபோது கட்டிலுக்கு அடியில் இன்னும் ஒரு கூட்டம் மினுங்கியது. சின்னனுகளைச் செலோடேப்பில் ஒட்டி எடுத்தார். உடைந்த பெட்டி, கார்ட், தும்புத்தடி எல்லாம் பைக்குள் போயின. நல்ல தும்புத்தடி போகிறதே என்ற துக்கத்தில் பவளராணி மற்றதைச் சற்று மறந்திருந்தார். முடியும் தறுவாயில்தான் கேட்டார்:

“நிஷாந்தினி எங்க?”

“என்ர வீட்டில.”

“கொடி?”

“அதுவும் என்ர வீட்டில. கழட்டிப் போத்தலுக்க போட்டிருக்கு.”

கழற்றியது ஒரு துக்கம். கழற்றியதை வாங்கிவைத்தது யார் என்பது அதைவிடப் பெரிய துக்கம். அதைப் பவளராணி வாயால் சொல்லவில்லை, நேசமலரின் நெற்றியை மட்டும் பார்த்தார். நேசமலருக்கு அந்தப் பார்வை பழக்கம். கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் படியேறினார்.

பின்னேரம் நாலாம் மாடியில் கூட்டம் கூடியது. முன்னால் சிவானந்தன், அவருக்குப் பின்னால் பவளராணி, அவருக்கும் பின்னால் தோல் பையோடு றமேஷ் பாஸ். நிஷாந்தினியின் கணவன் லவன் ஒரு காதில் அலுவலகக் கூட்டத்தைக் கேட்டபடி லிஃப்ட் கதவைக் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசிவரை அவன் அந்த மாடிக்கும் வரவில்லை, தன் மாடிக்கும் போகவில்லை.

“மிஸிஸ் நேசமலர், குடும்ப விசயம் இது. கொடியைத் தாங்கோ” என்றார் சிவானந்தன்.

“தாறன். சுத்தமான பிறகு.”

“அதுக்குத்தான் பாஸ் வந்திருக்கிறார்.”

நேசமலர் றமேஷைத் திரும்பிப் பார்த்தார். “தம்பி, பட்டறை எங்க?”

“கிராண்ட்பாஸில அம்மா.”

“வீடு?”

“வத்தளையில.”

“வீட்டில வைச்சு இந்த வேலை செய்யிறனியளோ?”

“இல்ல அம்மா, மனிசி விடாது. புகை கூடாதாம், சின்னப் பிள்ளையளும் இருக்கினம்.”

“உங்கட மனிசி உங்கட குசினிக்க விடாத புகையை, ஏழு மாசக்காரி இருக்கிற குசினிக்க விடப்போறியள்.”

றமேஷ் நியாயமான மனிதர். சிவானந்தனைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் தெரிந்த நிஷாந்தினியின் வயிற்றைப் பார்த்தார். “பிள்ளைத்தாய்ச்சி எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல ஐயா” என்று பையைத் தோளில் மாட்டினார். லவன் பிடித்திருந்த லிஃப்ட் அவருக்குத்தான் பயன்பட்டது.

சிவானந்தன் விடவில்லை. “சரி, வீட்டில வேண்டாம். செட்டியார் தெருவில ஒரு கடையில குடுத்துச் செய்விப்பம்.”

“அங்கயும் இதைத்தான் செய்வாங்கள். அங்கயும் ஆரோ மூச்சு விடுவினம்.”

“அப்ப உங்களுக்கு என்ன வேணும்? ஊரில உள்ள தங்கமெல்லாம் உங்கட பீப்பாய்க்க போக வேணுமோ? பொலிசில சொன்னா இது களவு.”

“சொல்லுங்கோ. நானே கதைக்கிறன். சிங்களத்தில என்னைவிட நல்லாக் கதைக்கிற ஆள் இந்த மாடியில இல்ல.”

அப்போதுதான் பவளராணிக்குப் பொறுமை போயிற்று. “அமங்கலி கையில தாலி கிடக்குது, நாங்கள் வாசலில நிண்டு கெஞ்சிறம்!” என்று சொல்லிவிட்டார்.

தூரத்தில் கரையோர ரயில் போகிற சத்தம் கேட்டது. பதில் சொன்னது நிஷாந்தினி, தொளதொளவென்ற கவுணோடு முன்னுக்கு வந்து நின்றுகொண்டு.

“மாமி, கழுத்து என்ர. கழட்டினது நான். அன்ரி பறிக்கேல்ல.”

“நீ உள்ள போ.”

“போறன். ஆனா கொடியை வீட்டுக்க கொண்டுவந்து ஆரும் நெருப்புக் காட்டினா, நான் கொட்டாஞ்சேனையில எங்கட அம்மா வீட்டை போயிடுவன். வளைகாப்புக்கு நீங்கள் வாழைக்காய்க்கு வளையல் போடுங்கோ.”

லிஃப்ட் வாசலிலிருந்து ஒரு சிரிப்பு வந்து, இருமலாக மாறியது. லவனின் அந்த நாளைய ஒரே பங்களிப்பு அதுதான்.

வளைகாப்பு மஞ்சள் கயிற்றோடு நடந்தது. மஞ்சள் துண்டு கட்டின கயிறு கொடியைவிடப் பழைய வழக்கம், பொன்னுக்கு முந்தியது என்று ஐயரே சொல்லிவிட்டார். பவளராணி விருந்தினரிடம் “கொடி டிசைன் மாத்தக் குடுத்திருக்கு” என்றார். தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த கனடாச் சொந்தக்காரர், “எவ்வளவு சிம்பிளா, எவ்வளவு வடிவா” என்று உருகினார்கள். டொக்டர் இரத்தம் எடுத்துச் சோதித்து, கவலைப்பட ஒன்றுமில்லை என்றும், இனிமேல் ரசத்தைக் கையால் அள்ள வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

நேசமலருக்கு அழைப்பு வந்திருந்தது, நிஷாந்தினியின் கையால். அவர் போகவில்லை. “நாடகத்தில பாத்த சடங்குக்கு நான் ஏன் சீலை மாத்தவேணும்” என்றுவிட்டு, அதே நாளில் பீப்பாயையும் ட்யூப்களையும் ஏற்றிக்கொண்டு, ஜாம் போத்தலை மடியில் வைத்தபடி ஹொரணைக்குப் போனார்.

தொழிற்சாலை ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹாஷிம், கொம்பனித்தெருவைச் சேர்ந்த இளைஞர். நேசமலரின் எல்.ஈ.டி பல்புகளை நன்றாக அறிந்தவர்.

“ஆன்ட்டி, போன முறை தந்ததுல பாதி எல்.ஈ.டி. அதுல ரசம் இல்ல.”

“ஆர் சொன்னது?”

“நாங்க உடச்சுப் பாத்தம்.”

“வடிவாப் பாக்கேல்ல. அது கிடக்கட்டும். இதைப் பாருங்கோ.”

ஹாஷிம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். “அல்லாஹ், இது தாலி!”

“ஓம்.”

“நாங்க பல்ப்தான் எடுக்கிற. நகை செய்றல்ல.”

“இது நகை இல்ல தம்பி. ரசம். கொஞ்சம் தங்கம் கலந்து கிடக்கு.”

ஹாஷிம் சிரித்தார். சிரித்தாலும் தலையை ஆட்டவில்லை. அமிலத்தில் விட்டு ரசத்தை மட்டும் கரைக்கலாம், தங்கம் நிற்கும். புகையை இழுத்து வடிகட்டுகிற கூண்டு ஆய்வுகூடத்தில் இருக்கிறது. ஆனால் முகாமையாளரிடம் கேட்காமல் ஏலாது, அவர் கண்டிக்குப் போயிருக்கிறார், எப்போது வருவாரோ தெரியாது.

“கேளுங்கோ. நான் இருக்கிறன்” என்றார் நேசமலர்.

“நாளைக்கும் வரமாட்டாரு ஆன்ட்டி.”

“கதிரை வசதியாத்தான் இருக்கு.”

மதியம் தாண்டியது. தேத்தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். வான்காரர் வந்து மணியைக் காட்டினார், “யமு நோனா”, போகலாம் அம்மா என்று சிங்களத்தில் கெஞ்சினார். இருந்தார். கடைசியில் ஹாஷிம் கண்டிக்குத் தொலைபேசி எடுத்து முழுக் கதையையும் சொன்னார். முகாமையாளர், தாலியோடு ஒரு அம்மா அலுவலகத்தில் குடியிருப்பதைவிடக் கூண்டைப் போடுவது சுலபம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். “வெச்சிட்டுப் போங்க ஆன்ட்டி. கொஞ்சம் மங்கும், பிறகு பொலிஷ் போட்டுக்கொள்ளணும்.”

“மங்கினாப் பரவாயில்ல. நீங்கள் முகமூடி போட்டுச் செய்யுங்கோ. உங்களுக்கும் உம்மா இருப்பா.”

சில கிழமைகளுக்குப் பிறகு கொடி வந்தது. வெண்மை முழுக்கப் போயிருந்தது, நிறம் மட்டும் சற்றுச் சோர்ந்திருந்தது. எடுத்த ரசம் தொழிற்சாலையின் மூடிய கலனுக்குள் மற்ற ரசத்தோடு சேர்ந்துவிட்டதாக ஹாஷிம் சொல்லியனுப்பியிருந்தார். சிவானந்தனும் பவளராணியும் கொடியை வாங்க மேலே வந்தார்கள். நிஷாந்தினி நிறைவயிற்றோடு ஒவ்வொரு படியாக அவர்களுக்குப் பின்னால் ஏறி வந்தாள்.

பவளராணியின் கையில் ஒரு வெள்ளித் தட்டம் இருந்தது. தட்டத்தில் கொஞ்சம் மஞ்சள் அரிசியும் இரண்டு பூவும். அதை வாசற்படிக்கு மேலாக நீட்டினார்.

“இதில வையும் நேசமலர்.”

நேசமலர் கொடியைப் போத்தலிலிருந்து எடுத்துத் தன் உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். தட்டத்தைப் பார்த்தார். அது எதற்கு என்று அவருக்கும் தெரியும், தட்டத்தை நீட்டியவருக்கும் தெரியும்.

“தட்டத்தில வைக்கமாட்டன்.”

“ஏன், பூசை அறையில வைச்சு எடுத்த தட்டம்.”

“அதுதான். கையை நீட்டும்.”

சிவானந்தன் தொண்டையைச் செருமினார். “மிஸிஸ் நேசமலர், இவ்வளவும் செய்திட்டியள். இப்ப இந்தச் சின்ன விசயத்தில...”

“சின்ன விசயமெண்டாக் கையால வாங்கலாம்தானே, தலைவர் ஐயா? இத்தனை நாள் இது என்ர பொறுப்பில இருந்தது. நேற்று இரவும் உங்கட மகன் கொத்துரொட்டிப் பார்சலோட விசிலடிச்சுக்கொண்டு போனதைக் கண்டனான். அவருக்கு ஒண்டும் ஆகேல்ல.”

நிஷாந்தினி கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். உதவிக்கு வரவில்லை. இது மாமியின் கை, தன் கையில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பவளராணி வலது கையை மெல்ல நீட்டினார். தட்டம் இடது கையில் இருந்தது.

“ரெண்டு கையும்” என்றார் நேசமலர்.

பவளராணி அவருடைய முகத்தையும் நெற்றியில் இருந்த பொட்டையும் நேராகப் பார்த்தார். பிறகு தட்டத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.